முதல் காட்சி ஊருக்குத்தான்

(வாசகர் கேள்விகளுக்கு இந்த மாதம் பதில் சொல்பவர் ஓர் ஆவணப்பட இயக்குநர். கடலூர் முதுநகரில் பிறந்தவர். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் தொழில் பழகி, மீனவர்கள், முந்திரி உடைக்கும் பெண்கள், மில் தொழிலாளர்கள் என்று இந்தக் கரையின் உழைப்பாளிகளைப் படமாக்கி வருகிறார். இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கிறார்.)

கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நீங்கள் ஆவணப்படத்துக்கு வந்தது எப்படி அக்கா?
*ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்*

கல்யாண வீடியோதான் எனக்குப் பள்ளிக்கூடம். பன்னிரண்டாவது முடித்ததும் மேலே படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை. ஸ்டுடியோ வைத்திருந்த உறவுக்காரர் லைட் பிடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார், போய் நின்றேன். ஒரு வருஷத்தில் கேமரா கைக்கு வந்தது. அந்தக் காலத்து வி.எச்.எஸ். கேமரா காலையில் தோளில் ஏறினால் பந்தி முடியும்வரை இறங்காது. தாலி கட்டும்போது ‘இன்னொரு தடவை கட்டுங்க’ என்று கேட்க முடியாது. ஐயர் மேளக்காரரைப் பார்த்து விரலை ஆட்டும் நொடியில் நாம் சரியான இடத்தில் நின்றாக வேண்டும். பெண்ணின் அப்பா துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டால் அழப்போகிறார் என்று அர்த்தம். அதற்குள் கேமரா அவர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இன்றைக்கு நான் எடுக்கும் எல்லாப் படங்களுக்கும் அடிப்படை அந்தப் பழக்கம்தான்.

ஆவணப்படம் என்ற எண்ணம் வந்தது 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம். சுனாமியில் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் பக்கம் வீடு போனவர்களுக்கு வீட்டோடு போட்டோ ஆல்பமும் போய்விட்டது. ஜனவரி முழுக்க ஸ்டுடியோவுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ‘போன வைகாசில எங்க சின்ன மச்சான் கல்யாணத்துக்கு நீங்கதான் வீடியோ எடுத்தீங்க. எம்பொண்ணு பச்சப் பாவாட கட்டிக்கினு பந்தியில ஓடிக்கினு இருப்பா. அந்த கேசட்டு இருக்குதாம்மா?’

மாஸ்டர் கேசட்டுகளை அழிக்காமல் வைத்திருந்தோம். பிளேயரில் போட்டு, பந்தி வரும் இடத்தில் நிறுத்தி நிறுத்தித் தேடுவோம். வி.எச்.எஸ்.ஸில் பாஸ் போட்டால் படம் நடுங்கும், குறுக்கே கோடு ஓடும். அந்த நடுக்கத்துக்குள்ளே ஓர் ஓரமாக, சாம்பார் வாளிக்குப் பின்னால், பச்சைப் பாவாடை. அந்தக் குழந்தையின் அம்மா டிவி கண்ணாடியில் கையை வைத்தார். திரையை அப்படியே ஸ்டில் கேமராவில் எடுத்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தோம். வந்த யாரிடமும் காசு வாங்கவில்லை.

மாப்பிள்ளை பெண்ணுக்காக எடுத்த கேசட்டில், யாருமே கவனிக்காத மூலையில் இருந்த பிள்ளைதான் கடைசியில் அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சினாள். மூலையில் இருப்பவர்களை நடுவில் வைத்து எடுக்க ஒருத்தர் வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. வளையலை அடகு வைத்து, ஒருவர் உபயோகித்து விற்ற சோனி பிடி-170 கேமரா ஒன்றை வாங்கினேன்.

என் மகன் பி.இ. முடித்துவிட்டு ஆவணப்படம் எடுக்கப்போகிறேன் என்கிறான். இதில் வருமானம் வருமா? மனசில் உள்ளதை மறைக்காமல் சொல்லுங்கள்.
*ஒரு தந்தை, பண்ருட்டி*

ஐயா, ஆவணப்படத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் தமிழ்நாட்டில் மிகக் குறைவு. எனக்கு இன்றைக்கும் அரிசி பருப்பு வாங்கித் தருவது கல்யாணம்தான். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் நெருங்கி வரும் மாதங்களில் மண்டபம் மண்டபமாக ஓடுவேன். ஆடியும் மார்கழியும் என் சொந்தப் படங்களுக்கு. பஞ்சாங்கம் பார்த்துப் படப்பிடிப்புத் தேதி வைக்கிற இயக்குநர்கள் என்னைப் போல இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

உதவி கிடைக்கும் இடங்களும் உண்டு. டெல்லியில் பி.எஸ்.பி.டி. என்ற அறக்கட்டளை 2000-த்திலிருந்து தூர்தர்ஷனோடு சேர்ந்து ஆவணப்படங்களுக்குப் பணம் கொடுத்திருக்கிறது. பெங்களூரில் கலைகளுக்கு நிதி கொடுக்கும் ஐ.எஃப்.ஏ. அறக்கட்டளை இருக்கிறது. கொல்கத்தாவில் டாக்எட்ஜ் என்ற சந்திப்பில் உங்கள் கதையை வெளிநாட்டுத் தயாரிப்பாளர்கள் முன்னால் சொல்லிப் பணம் கேட்கலாம். 1948-இல் தொடங்கிய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனை 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி.யோடு இணைத்துவிட்டார்கள். தியேட்டரில் படத்துக்கு முன்னால் ஓடுமே, நியூஸ் ரீல், அதை எடுத்தவர்கள். அந்தப் பழைய கதவு போனதில் எனக்கு வருத்தம்தான். எத்தனையோ பேர் அங்கே வேலை பழகினார்கள்.

மகனிடம் முதலில் எடிட்டிங் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். எடிட்டிங் தெரிந்தவனுக்குச் சம்பளம் உண்டு, மற்றவர்கள் எடுத்த ரஷ், அதாவது வெட்டாத காட்சிகளைப் பார்த்துப் பார்த்து எதை எடுக்க வேண்டும் என்ற புத்தியும் வரும். இரண்டு வருஷம் போகட்டும். அதற்கு அப்புறமும் இதே பேச்சாக இருந்தால் தடுக்காதீர்கள் ஐயா.

கேமரா வாங்க ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த மாடல் வாங்கலாம் மேடம்?
*கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை*

அந்தப் பணத்தை அப்படியே வையுங்கள் தம்பி. உங்கள் போனே போதும். அதில் கொஞ்சம் எடுத்து சட்டையில் குத்திக்கொள்ளும் நல்ல லேப்பல் மைக் ஒன்று, சின்ன ரெக்கார்டர் ஒன்று, காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்று வாங்குங்கள். படம் கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் ஜனங்கள் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

நம் ஊரில் ஒலிக்கு முதல் எதிரி கடற்காற்று. சில்வர் பீச்சில் பகல் பதினொரு மணிக்கு மேல் வெறும் மைக்கை நீட்டினால் ‘புர்ர்’ என்ற சத்தம்தான் பதிவாகும். மைக்குக்குப் பஞ்சு உறை போதாது, முடி வைத்த உறை வேண்டும். பேசுகிறவரைப் படகின் மறைவில், காற்று படாத பக்கம் உட்கார வையுங்கள். முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடும்போது பேட்டி எடுக்காதீர்கள். அந்த மெஷின் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், எடிட்டிங்கில் தங்கமாக உதவும். வீட்டுக்குள் எடுத்தால் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தியதும் உங்கள் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃப்ரிட்ஜ் ஞாபகம் வரும், அந்த வீட்டுக்காரர் குழம்பு கெடாது. கிளம்புவதற்கு முன்னால் யாரும் பேசாமல் அரை நிமிஷம் அந்த அறையின் சத்தத்தையும் பதிவு செய்யுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும் இடத்தில் அதைத்தான் நிரப்ப வேண்டியிருக்கும்.

பெண்களுக்கு மைக் மாட்டும்போது ஒயரை அவர்கள் கையில் கொடுத்து, அவர்களையே உள்ளே விட்டுக் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பி நில்லுங்கள்.

கரையோரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், கனெக்டர்கள் பச்சை பூக்கும். எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு மூடி வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் எப்போதும் மூன்று பிரதி. என்னுடைய மூன்றாவது பிரதி விருத்தாசலத்தில் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. கடல் அவ்வளவு தூரம் வராது.

கேமராவைக் கண்டதும் ஜனங்கள் விறைத்துப்போகிறார்கள், இல்லாவிட்டால் அரசியல்வாதி மாதிரிப் பேசுகிறார்கள். அவர்களை எப்படி இயல்பாகப் பேசவைக்கிறீர்கள்?
*வாசகர், திண்டிவனம்*

கஷ்டத்தைக் கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி பேசுவார்கள். வேலையைக் கேட்டுப் பாருங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்து பண்ருட்டி பக்கம் முந்திரியையும் பலாவையும் அடியோடு சாய்த்துவிட்டுப் போனது. அப்புறம் அங்கே முந்திரி உடைக்கும் பெண்களைப் படமெடுக்கப் போனேன். அதற்குள் டிவிக்காரர்கள் நிறையப் பேர் வந்துபோயிருந்தார்கள். ‘எங்க பொழப்பே போச்சு’ என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொன்னார்கள். அது உண்மைதான், ஆனால் அதைச் சொல்லும்போது அவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு ஒரு பாட்டியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ‘எனக்கும் உடைக்கக் கத்துக்கொடுங்க’ என்றேன்.

முந்திரிக்கொட்டையின் தோலில் ஒரு எண்ணெய் இருக்கிறது, பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் விரலில் விளக்கெண்ணெயோ சாம்பலோ தடவிக்கொள்கிறார்கள். கொட்டையைக் கல்லின்மேல் நிறுத்தி, கட்டையால் ஒரு தட்டு. அடி பலமாக விழுந்தால் பருப்பு பிளந்துவிடும். முழுப்பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு ஒரு விலை. மெதுவாக விழுந்தால் ஓடு திறக்காது. அந்தம்மா தட்டும் இடத்தைப் பார்ப்பதே இல்லை. பேரனைத் திட்டிக்கொண்டே தட்டுகிறார், ஒவ்வொன்றும் முழுசாக வந்து விழுகிறது. நான் தட்டியதெல்லாம் தூளானது. ‘உனுக்கு ஒரு கிலோ குடுத்தா மொதலாளி தெருவுக்கு வந்துடுவாரு’ என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் கேமராவை எடுத்தேன். கை விரல் நுனிகளைக் காட்டி, ஆதார் எடுக்கப் போனபோது மெஷினில் ரேகை பதியவில்லை என்றார். கேட்டே வாங்கியிருக்க முடியாத ஒரு விஷயம் அது.

உழைப்பவர்களுக்குத் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுவதில் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு இடம் கொடுத்தால் கஷ்டம் தானாக உள்ளே வந்துவிடும்.

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். ராத்திரியில் வரும் ரசாயன வாடையை வெளியூர்க்காரர்கள் யாரும் நம்புவதில்லை. வாடையைப் படத்தில் காட்ட முடியுமா?
*வாசகர், கடலூர்*

இந்தக் கேள்வியை நானும் நீண்ட நாள் யோசித்தேன். வாடையைக் காட்ட முடியாது. வாடை வந்ததும் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் காட்டலாம். புழுக்கமான ராத்திரியில் ஒருத்தர் எழுந்து ஜன்னலைச் சாத்துகிறார். தூங்குகிற குழந்தையின் முகத்தில் முந்தானையைப் போட்டு மூடுகிறார் ஓர் அம்மா. பின்கட்டில் யாரோ இருமுகிறார்கள். எதையும் விளக்க வேண்டாம், நேரத்தை மட்டும் திரையில் எழுதுங்கள்.

உங்கள் பக்கத்து ஊர்களுக்கு இதில் ஒரு நல்ல வரலாறே இருக்கிறது. 2004 வாக்கில் ஊர்க்காரர்களே வாளி கொண்டு காற்றைப் பிடித்தார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை. வாடை வரும் நேரத்தில் காற்றை அந்தப் பைக்குள் இழுத்து, அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பி, என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்று அறிக்கை வாங்கினார்கள். எந்த நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், என்ன மாதிரி வாடை என்று எழுதியும் வைத்தார்கள். நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், வாடை எதைப் போல. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் எழுதுங்கள். கேமரா அப்புறம் போதும். ஆதாரம் இல்லாமல் குற்றம் சொல்லும் படத்தை ஒரே கடிதத்தில் முடக்கிவிடுவார்கள். நோட்டு இருந்தால் முடியாது.

‘முதல் காட்சி ஊருக்குத்தான்’ என்பது உங்கள் கொள்கை என்று கேள்விப்பட்டேன். அப்படிப் போட்டுக்காட்டினால் ஆளாளுக்கு அதை வெட்டு, இதை வெட்டு என்று சொல்லமாட்டார்களா?
*உதவி இயக்குநர், சென்னை*

சொல்வார்கள். கேட்க வேண்டியதுதானே?

முடிந்த படத்தை நான் எந்த விழாவுக்கும் அனுப்புவதற்கு முன்னால் எடுத்த ஊரிலேயே போடுவேன். கோயில் திடலில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டினால் போதும். பெட்டி ஸ்பீக்கரும் ப்ரொஜெக்டரும் நான் கொண்டுபோவேன், கரண்ட் யாராவது ஒரு வீட்டிலிருந்து கொடுப்பார்கள். மீன்பிடிக்கப் போகாத நாளாகப் பார்த்து வைப்போம், அமாவாசை என்றால் வசதி. படம் ஓடும்போது யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். திரையில் வருகிற ஒவ்வொருவர் பெயரையும் கத்துவார்கள். இறந்துபோனவர் வந்தால் மட்டும் திடலில் பேச்சு அடங்கும்.

மீன் விற்கும் ஓர் அம்மாவைப் பற்றிய படத்தில், கந்துக்குப் பணம் வாங்கியதையும் அதைக் கட்ட முடியாமல் பட்ட அவமானத்தையும் அவர் சொல்லும் இடம் ஒன்று இருந்தது. படத்திலேயே அழுத்தமான இடம் அதுதான். போட்டுக்காட்டிய மறுநாள் வந்து, ‘அது வேணாம்மா. பணம் குடுத்தவங்க நாலு வீடு தள்ளி இருக்காங்க. நீ போயிடுவ, நான் இங்கதான் இருக்கணும்’ என்றார். எடுத்துவிட்டேன். எடிட் செய்த தம்பி என்னோடு சண்டை போட்டான். அந்தக் காட்சிக்கு விருதுகூட வந்திருக்கலாம். ஆனால் அந்தத் தெருவில் தினமும் கூடையோடு நடந்துபோவது அவர்.

ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டோம் என்று சிலர் வாதாடுவார்கள். கையெழுத்துப் போடும்போது படம் எப்படி வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. பார்த்த பிறகு சொல்லும் சம்மதத்தைத்தான் நான் சம்மதமாக எடுத்துக்கொள்வேன்.

ஊரே இரண்டாகப் பிரிந்து கிடக்கும் விஷயமானால் இன்னும் கவனம் வேண்டும். மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியில் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கடல் எல்லைக்குள் அதற்குத் தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் இரண்டு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை போகலாம் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. அந்த நேரத்துக்குள் போய்த் திரும்ப முடியாது என்கிறார்கள் கடன் வாங்கி அந்த வலை போட்டவர்கள். குஞ்சு குறுமீனெல்லாம் வாரிக்கொண்டு போனால் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்கிறார்கள் சின்னப் படகுக்காரர்கள். இரண்டு பேருமே கடலூர்க்காரர்கள், பல இடங்களில் சம்பந்திகள். இதைப் படமெடுத்தால் இரண்டு தரப்பையும் ஒரே திடலில் உட்காரவைத்துப் போட முடியுமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். முடியாது என்று தோன்றினால் படம் இன்னும் முடியவில்லை என்று பொருள்.

தமிழில் ஆவணப்படம் எப்போது தொடங்கியது?
*ஆசிரியை, சிதம்பரம்*

ஏ.கே. செட்டியாரிலிருந்து தொடங்குங்கள் டீச்சர். கோட்டையூரில் 1911-இல் பிறந்தவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோகிராபி படித்தவர். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள் அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் இருந்தபோது காந்தியைப் பற்றி ஒரு முழுப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது வயது இருபத்தைந்து. காந்தியை அதுவரை யார் யார் படமெடுத்திருக்கிறார்களோ அவர்களையெல்லாம் தேடிப் பல நாடுகள் சுற்றினார். முப்பது ஆண்டு காலத்தில் பல நாட்டு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த துண்டுகளைத் திரட்டிச் சேர்த்தார். வெள்ளைக்காரன் ஆட்சி, அதிலும் யுத்தக் காலம். 1940-இல் படம் தமிழில் வெளிவந்துவிட்டது.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது, யாரோ ஒருவர் பெட்டியில் கிடக்கும் ஃபிலிம் சுருளும் வரலாறுதான் என்று புரிந்துகொண்டு, அதைக் கெஞ்சிக் கேட்டு வாங்கிய பொறுமை. இன்டர்நெட் இல்லை, போன் இல்லை. கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்து செய்த வேலை. பிற்காலத்தில் ‘குமரி மலர்’ பத்திரிகையிலும் அதைத்தான் செய்தார், பழைய எழுத்துகளைத் தேடி எடுத்து மறுபடி அச்சிட்டார். 1983-இல் காலமானார். அவர் பெயரைச் சொன்னால் சினிமா படிக்கும் பிள்ளைகளிலேயே பலர் விழிக்கிறார்கள். உங்கள் வகுப்பில் சொல்லுங்கள்.

ஆவணப்படத்துக்கும் சென்சார் உண்டா?
*வாசகர், விழுப்புரம்*

உண்டு. 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவில் திரையிடும் எந்தப் படத்துக்கும் சான்றிதழ் வேண்டும், பத்து நிமிடப் படமானாலும். ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தன் அணு ஆயுதத்தை எதிர்த்து எடுத்த ‘வார் அண்ட் பீஸ்’ படத்தில் 21 இடங்களை வெட்டச் சொன்னார்கள். அவர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஒரு வெட்டும் இல்லாமல் 2003-இல் அனுமதி வாங்கினார். வழக்கு நடத்தும் தெம்பு எல்லோருக்கும் இருக்காது. 2017-இல், கையால் மலம் அள்ளுகிறவர்களைப் பற்றி திவ்ய பாரதி எடுத்த ‘கக்கூஸ்’ படத்துக்குத் திரையிடும் இடங்களில் தடை வந்தபோது அவர் அதை யூடியூபில் போட்டார். மண்டபத்தில் பார்த்திருக்கக்கூடியவர்களைவிடப் பல மடங்கு ஜனங்கள் பார்த்தார்கள்.

பெரிய ஓடிடி நிறுவனங்கள் நம் மாதிரி ஆட்களின் படத்தை வாங்குமா?
*குறும்பட இயக்குநர், வில்லியனூர்*

அரிதாக. முதுமலைத் தெப்பக்காட்டில் எடுத்த ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ 2023-இல் ஆஸ்கர் வாங்கியது. அதில் யானைக்குட்டிகளை வளர்க்கும் பொம்மனும் பெள்ளியும் பேசும் தமிழ் உலகம் முழுக்கப் போனது. சந்தோஷம். ஆனால் அதை மனசில் வைத்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள்.

எங்கள் தாத்தா முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. துணி மில்லில் வேலை பார்த்தவர். வயதாகிவிட்டது, நினைவு தப்பத் தொடங்கியிருக்கிறது. அவரை வைத்து ஏதாவது எடுக்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?
*வாசகி, புதுச்சேரி*

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள். இந்தப் பதிலை முழுவதும் படிப்பதற்கு முன்னாலேயே போனை எடுத்தாலும் சரி.

காலையில் எடுங்கள். நினைவு தப்புகிறவர்களுக்குக் காலையில் தெளிவு இருக்கும், சாயங்காலம் குழப்பம் கூடும். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ‘மில்லைப் பத்திச் சொல்லு தாத்தா’ என்று கேட்காதீர்கள், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தவிப்பார். கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். பழைய டோக்கன், சம்பளச் சீட்டு, சாப்பாட்டுத் தூக்கு, எது இருந்தாலும். எந்த ஷிப்ட், சங்கு எத்தனை மணிக்கு ஊதும், எந்தக் கேட் வழியாக உள்ளே போவார், பக்கத்துத் தறியில் யார் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். ஒரு நூலைக் கொடுத்து, அறுந்த இழையை எப்படி முடிச்சுப் போடுவார் என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். பேச்சு மறந்தவர்கள்கூடக் கைவேலையை மறப்பதில்லை. அந்த விரல்களைக் கிட்டத்தில் எடுங்கள், முகத்தை அப்புறம் எடுக்கலாம். ஒரே கதையை மறுபடி சொன்னால் திருத்தாதீர்கள். இரண்டாவது முறை சொல்லும்போது புதிதாக ஒரு பெயர் வரும்.

அவருடைய அப்பாவும் மில்லில் இருந்தாரா என்று கேளுங்கள். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், 1937-இல், எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. அந்த நாளைப் பார்த்தவர்கள் இன்று இல்லை. பார்த்தவர்கள் சொல்லக் கேட்டவர்கள் உங்கள் தாத்தா வயதுக்காரர்கள்தான். 1898-இல் தொடங்கிய அந்த மில் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. கட்டடம் என்ன ஆகும் என்று பேசுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். உள்ளே வேலை செய்தவர்களின் பேச்சைப் பதிவு செய்ய ஆள் இல்லை.

காகித ஆதாரம் வேண்டுமானால் ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போங்கள், 1827-இலிருந்து இருக்கிறது. பிரெஞ்சு நிறுவனத்தின் போட்டோ சேகரத்தையும் பார்க்க அனுமதி கேளுங்கள். ஆனால் அதெல்லாம் அடுத்த மாதம்கூட அங்கேயே இருக்கும், முதலில் தாத்தா.

படம் எடுத்து ஏதாவது மாறியிருக்கிறதா?
*வாசகர், குறிஞ்சிப்பாடி*

சில படங்களால் மாறியிருக்கிறது. சென்னைக்காரர் சேகர் தத்தாத்ரி குதிரேமுகக் காட்டில் நடந்த இரும்புத்தாதுச் சுரங்கத்தைப் பற்றி 2001-இல் ஒரு சிறிய படம் எடுத்தார். அந்தச் சுரங்கத்தை எதிர்த்து நடந்த வழக்குக்கும் பிரசாரத்துக்கும் அது துணை நின்றது. 2005 கடைசிக்குள் மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

என் படங்களால் எந்தச் சட்டமும் மாறவில்லை. முந்திரிப் படம் போட்ட ராத்திரி, திரையில் தன் அம்மாவின் விரல்களைப் பெரிசாகப் பார்த்த ஒரு பையன், ‘உங்க கை இப்பிடியா இருக்குது?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். பதினைந்து வயசு வரை அந்தக் கையால்தான் சோறு சாப்பிட்டவன். அந்தக் கேள்விக்காகவே அடுத்த படத்தை எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உங்கள் மீனவர் படத்தைத் திரையிட விரும்புகிறோம். கட்டணம் எவ்வளவு? என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?
*தலைமையாசிரியர், பரங்கிப்பேட்டை*

பள்ளிகளுக்குக் கட்டணம் இல்லை ஐயா, பஸ் செலவு மட்டும் கொடுத்தால் போதும். வெயில் உள்ளே வராத அறையாகப் பாருங்கள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினால் பகலிலேயே போடலாம். எட்டாம் வகுப்புக்கு மேலே உள்ள பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும். படம் ஐம்பது நிமிடம், அதற்கு அப்புறம் அவர்கள் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்கள். படகில் போகும் அப்பாக்களையும் மீன் விற்கும் அம்மாக்களையும் கூப்பிட்டால் ரொம்பச் சந்தோஷப்படுவேன். அவர்களுக்கு வசதியான நாள் எது என்று முதலில் கேட்டுவிட்டு, இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு கார்டு போடுங்கள், வந்துவிடுகிறேன். ப்ரொஜெக்டர் என்னிடம் இருக்கிறது. நல்ல ஸ்பீக்கருக்கு மட்டும் நீங்கள் சொல்லி வையுங்கள்.